குமாசியில் 8-7

ஆப்பிரிக்காவில் கால்பந்து பார்க்க வேண்டும் என்றால் கெய்ரோவுக்கோ காசாபிளாங்காவுக்கோ போகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் கானாவின் குமாசிக்குப் போனேன். என்னை அங்கே இழுத்தது எப்போதோ முடிந்துபோன ஒரே ஓர் ஆட்டம்: 2004-ஆம் ஆண்டின் ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கோப்பை இறுதி ஆட்டம்.

அந்தக் கோப்பை தொடங்கிய முதல் ஆண்டு அது. இறுதிக்கு வந்தவை இரண்டுமே கானாவின் கிளப்புகள். தலைநகர் அக்ராவின் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக், 1911-இல் பிறந்தது. அசாந்தே மக்களின் தலைநகரான குமாசியின் அசாந்தே கொடோகோ, 1935-இல் பிறந்தது. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கட்டங்கள், ஊருக்கு ஒன்று. அக்ராவில் 1-1. 2005 ஜனவரியில் குமாசியில் மறுபடியும் 1-1. வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதியாலும் பிரிக்க முடியாத சமநிலை. பெனால்டியிலும் இலேசில் தீரவில்லை. ஆளுக்கு ஐந்து என்ற கணக்கைத் தாண்டி இழுத்துக்கொண்டே போய், கடைசியில் 8-7 என்று ஹார்ட்ஸ் வென்றது. அதுவும் பரம வைரியின் சொந்த மண்ணில்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் விறுவிறுப்பான ஆட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அக்ரா விளையாட்டரங்கின் வெளியே ஒரு சிலை இருக்கிறது. ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். 'என் சகோதரனுக்கு நானே காவலன்' என்ற பொருள்படும் வாசகம் அதில் உண்டு. 2001 மே 9 அன்று இதே இரண்டு அணிகளும் அங்கே மோதின. கடைசி நேரத்தில் இரண்டு கோல் போட்டு ஹார்ட்ஸ் 2-1 என்று முன்னிலை பெற்றது. ஆத்திரமடைந்த கொடோகோ ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள். போலீசார் பார்வையாளர் பகுதிக்குள்ளேயே கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினார்கள். வெளியேற ஓடியவர்களுக்கு வாயில்கள் பூட்டியிருந்தன. 120-க்கும் மேற்பட்டோர் நெரிசலில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். கூட்டம் கலவரம் செய்தது என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நாற்காலி எறிந்ததால் யாரும் சாகவில்லை. பூட்டிய கதவுதான் கொன்றது.

அந்தச் சாவுகளுக்கு நான்கு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில்தான் இந்த இறுதி ஆட்டம் நடந்தது.

அக்ராவிலிருந்து குமாசி சுமார் 250 கிலோமீட்டர். பஸ் கிளம்பும் முன் ஒரு போதகர் ஏறி, பயணம் நல்லபடி அமைய வேண்டும் என்று உரத்த குரலில் ஜெபித்தார். பாதிப் பேர் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள். ன்சவாம் வந்ததும் பெண்கள் தலையில் ரொட்டிச் சுமையோடு ஜன்னலோரம் ஓடி வந்தார்கள். ன்காவ்காவ் ஊர் அருகே குவாஹு மலைச்சரிவு பச்சையாக எழுந்து நிற்கிறது. அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன்.

குமாசி விளையாட்டரங்கின் பெயர் பாபா யாரா. கொடோகோவுக்கும் நாட்டுக்கும் ஆடிய மின்னல் வேக விங்கர் அவர். 1963-இல் சாலை விபத்தில் செயலிழந்து, 1969-இல் இறந்தார். அவருடைய பெயர் கொண்ட அரங்கில், சாதாரண லீக் ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். எங்கும் சிவப்பு, வெள்ளை. சட்டைகளில் முள்ளம்பன்றிச் சின்னம். ஆயிரம் பேரைக் கொன்றால் ஆயிரம் பேர் வருவார்கள் என்பது அசாந்தே படைகளின் பழைய முழக்கம். அதைத்தான் ரசிகர்களும் முழங்குகிறார்கள்.

எனக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு பெரியவர் உட்காராமல் படிக்கட்டு ஓரமாகவே நின்றுகொண்டிருந்தார். சுவாமே மேகசின் என்ற பட்டறைப் பகுதியில் லாரி எஞ்சின் பழுது பார்ப்பவராம். விரல் நகங்களில் கிரீஸ் கறுப்பாகப் படிந்திருந்தது. இடம் காலியாக இருக்கிறதே, உட்காருங்கள் என்றேன். "வாயில் திறந்திருக்கிறதா என்று இங்கிருந்துதான் தெரியும்" என்றார். 2001-இல் அவர் அக்ராவில் இருந்திருக்கிறார். கூடப் போன நண்பர் திரும்பி வரவில்லை. இனி எந்த மைதானத்துக்கும் போவதில்லை என்றிருந்தவரை அந்த இறுதி ஆட்டம்தான் மறுபடியும் வரவழைத்ததாம்.

இறுதி ஆட்டத்தன்று, சஹாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று வீசி உதடெல்லாம் வெடித்திருந்தது என்றார். பெனால்டி தொடங்கியபோது தம் பக்கத்தில் நின்றவரின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். ஒவ்வொரு பந்து உள்ளே போகும்போதும் ஒரு பார்வை கோலை நோக்கி, ஒரு பார்வை வாயிலை நோக்கி. தோற்றதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நடந்து வீட்டுக்குப் போனேன். மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். ஸ்கோரைக் கேட்கவே இல்லை" என்றார்.

கொடோகோ ரசிகர்கள் இதற்கு முன்பே வேறு ஆப்பிரிக்கக் கோப்பைகளின் இறுதி ஆட்டங்களில் பட்டது கொஞ்சமல்ல. 1967-இல் காங்கோவின் எங்கிள்பெர்ட் அணியோடு 1-1, 2-2 என்று சமன். அப்போது பெனால்டி முறை இல்லை. பொது இடத்தில் மூன்றாவது ஆட்டம் என்று முடிவானது. அந்தத் தகவல் கொடோகோவுக்கு வந்து சேரவே இல்லை என்கிறார்கள். அணி போகவில்லை, கோப்பை எதிரணிக்குப் போனது. 1970-ஆம் ஆண்டுக் கோப்பையில் அதே அணியை அதன் நாட்டிலேயே வென்று பழி தீர்த்தார்கள். 2002-இல் மொராக்கோவின் விதாத் அணியிடம், மொத்தக் கோல்கள் சமமாக இருந்தும், வெளியூர் கோல் விதியால் கோப்பை பறிபோனது. அதற்கடுத்த இறுதி ஆட்டம்தான் இந்த 8-7.

ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2020-இல் இறுதிப் போட்டியை ஒரே ஆட்டமாக மாற்றியது. சில ஆண்டுகளிலேயே, 2023-இல், பழைய இரு கட்ட முறைக்குத் திரும்பியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மூன்றாம் நாட்டுக்கு விமானம் ஏறிப் போகச் சுவாமே மேகசின் பட்டறைக்காரரால் முடியுமா? இரு கட்டம் என்றால் ஒரு கட்டமாவது அவருடைய ஊரில் நடக்கும். தோற்றாலும் அவர் கண்ணெதிரே தோற்பார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஹார்ட்ஸ் குமாசிக்கு வரும் லீக் ஆட்டம் எந்த வாரம் என்று பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். காலையில் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அசாந்தே மன்னர்தான் கொடோகோவின் புரவலர். மதியம் எண்ணெய்ப்பனைப் பழக் குழம்போடு ஃபூஃபூ (மரவள்ளிக் கிழங்கை இடித்துப் பிசைந்த களி) சாப்பிட்டுவிட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே அரங்குக்குப் போய்விடுங்கள். கேஜெட்டியா சந்தை வழியாகப் போனால் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். சுற்றிப் போகச் சொல்லி டாக்சிக்காரரிடம் கேளுங்கள்.