சொல்லிக் கொடுத்த பயம்

முட்டம் கடற்கரையில், பாறைகளுக்கு இடையே கிடக்கும் மணலில் என் மகளை முதன்முறையாக இறக்கிவிட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அலை இருபதடி தள்ளியே நுரைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அவளோ என் வேட்டி ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கடலு இப்ப நம்மள கொண்டு போவுமா?" என்று கேட்டாள். 2004 டிசம்பர் 26க்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள். தக்கலைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்ததால் அதுவரை கடலில் கால் நனைத்ததும் இல்லை.

விசாரித்தபோது, "சோறு தின்னல்லேன்னா கடலு வந்து கொண்டு போவும் மக்களே" என்று என் அம்மா சொல்லிச் சொல்லி ஊட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. சுனாமியில் மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அவருடைய பயத்துக்குப் பின்னால் ஒரு பாலம் இருந்தது. பேத்திக்கு வந்து சேர்ந்ததோ பயம் மட்டுமே.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஊசி போட்டுவிடுவார்கள் என்று மிரட்டி அவளைத் தூங்க வைத்தவன் நான். பிறகு காய்ச்சலுக்கு மருத்துவமனை வாசலிலேயே அவள் உருண்டு புரண்டபோது பிள்ளை முரடு பிடிக்கிறாள் என்று அலுத்துக்கொண்டவனும் நான்தான்.

பட்டும் பயப்படலாம், பிறர் பயப்படுவதைப் பார்த்தும் பயப்படலாம், வெறுமனே கேட்டும் பயப்படலாம் என்று ராக்மன் என்ற உளவியலாளர் 1977இல் மூன்று வழிகளைச் சொன்னார். மூன்றாவது வழியை ஃபீல்டு, லாசன் என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள். குவால், குவாக்கா, கஸ்கஸ் என்று பிரிட்டன் பிள்ளைகள் கேள்விப்பட்டே இராத ஆஸ்திரேலிய விலங்குகளில் ஒன்றைப் பற்றிக் கெட்டதும், ஒன்றைப் பற்றி நல்லதும் சொல்லி, மற்றதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டு, அவை உள்ளே இருப்பதாகச் சொல்லப்பட்ட பெட்டிகளுக்குள் கைவிடச் சொன்னார்கள். 6 முதல் 9 வயதுப் பிள்ளைகள்; கெட்டபெயர் எடுத்த விலங்கின் பெட்டி முன்னால் அவர்கள் கை தயங்கியது.

பிள்ளைகள் கேள்விப்படாத விலங்கைத் தேர்ந்தெடுத்ததில்தான் எனக்கு விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. வேறு எதுவும் தெரியாத இடத்தில் சொன்ன சொல்லே முழு விலங்காகிவிடுகிறது. சிறுவயதில் எனக்கு, எங்கள் பக்கத்துக் கதைகளில் வரும் பேயான கள்ளியங்காட்டு நீலி அப்படித்தான். வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு வருவாள் என்று பாட்டி சொன்னதை நம்பி, நாகர்கோவில் பேருந்து கள்ளியங்காட்டுக்குப் பக்கத்திலுள்ள பார்வதிபுரத்தை நெருங்கும்போது பட்டப்பகலிலும் கண்ணை மூடிக்கொள்வேன். (இன்றைய போக்குவரத்தில் நீலியே சாலையைக் கடந்து சுண்ணாம்பு கேட்க முடியாது.)

அன்று முட்டத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் அலை பின்வாங்கும்போது ஓடி இறங்குவதும், திரும்புவதற்குள் மேலேறுவதுமாக இருந்தார்கள். சுனாமியையும் 2017இல் வந்த ஒக்கிப் புயலையும் என் மகளைவிட நெருக்கமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவன் ஒரு பாறையைக் கைகாட்டி, "அதுக்கு அங்கோட்டு போவக்கூடாது, இழுக்கும்" என்றான். அவர்களுக்கும் பயம் உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது, அந்தப் பாறை வரைக்கும்.

வீட்டுக்கு வந்து, கடலுக்கடியில் நிலம் அதிர்ந்ததையும், அலை வருமுன் கன்னியாகுமரியில் தண்ணீர் உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்ததையும் அவளுக்குச் சொன்னேன். வழக்கத்துக்கு மாறாகக் கடல் அப்படி உள்ளே போனால் நின்று வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னேன். அம்மா, சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாமா சொல்வது என்று கோபப்பட்டார்.

அடுத்த முறை போனபோது அவள் கணுக்கால் வரை இறங்கினாள். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் குனிந்து உற்றுப் பார்த்து, "இது சும்மா போறதுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த அலைக்கும் கேட்டாள்.