யூஸ்நெட் இன்டெக்சர்: கிரானில் தொடங்கி சிஸ்டம்டி வரை

யூஸ்நெட் என்ற பழைய செய்திக் குழு வலையில் வரும் ஃபைல்களைப் பட்டியலிட்டுத் தேட உதவும் இன்டெக்சரை வீட்டில் தானாக ஓட வைக்க மூன்று வாரமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் நான் கை வைக்காமலே நாலு நாள் சேர்ந்தாற்போல் ஓடியிருக்கிறது, மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், டெபியன் லினக்ஸ், அதில் நியூஸ்நேப் என்ற இன்டெக்சர் மென்பொருள். வானியல் படங்களும் லினக்ஸ் ஐஎஸ்ஓக்களும் வரும் ஏழெட்டு குரூப்தான் எனக்கு வேண்டும்.

வெப் பக்கத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. பாடு எல்லாம் பின்னால் ஓடும் இரண்டு ஸ்கிரிப்டில்தான். அப்டேட் பைனரிஸ் என்பது நியூஸ் சர்வரிடம் போய், கடைசியாகப் பார்த்த எண்ணுக்குப் பிறகு வந்த பதிவுகளின் ஹெடர்களை (தலைப்பு விவரங்களை) மட்டும் இழுத்து வரும். பெரிய ஃபைல் என்றால் நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் போட்டிருப்பார்கள், ஒவ்வொன்றின் தலைப்பிலும் 12/340 என்ற மாதிரி எண் இருக்கும். அப்புறம் அப்டேட் ரிலீசஸ் வந்து துண்டுகளைச் சேர்த்து, எல்லாம் வந்துவிட்டதென்றால் பட்டியலில் ஒரு ரிலீஸ் ஆக்கி, துண்டுகள் எங்கே என்று டவுன்லோடருக்குச் சொல்லும் என்இசட்பி ஃபைலை எழுதிவிட்டு, துண்டு வரிகளை டேட்டாபேஸ் டேபிளிலிருந்து அழிக்கும். ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் டேபிளிலேயே இன்னொன்று அழிக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில், குறித்த நேரத்தில் வேலைகளைக் கிளப்பும் கிரானில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று போட்டேன். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் பெரிய குரூப் ஒன்றைச் சேர்த்தேன், மறுநாள் காலையில் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்துப் பார்த்தால் அப்டேட் பைனரிஸ் நாலு ஓடுகிறது, லோடு 11, பதிவு ஃபைல் முழுக்க 'லாக் வெயிட் டைம்அவுட்', அதாவது டேபிள் பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் கடந்தது என்ற பிழை (டேட்டாபேஸின் இன்னோடிபி எஞ்சின் வழக்கமாக 50 விநாடிதான் காத்திருக்கும்). ஹெடர் இழுக்கவே 35 நிமிடம் ஆகிறது, முந்தையது முடிந்ததா என்று கிரான் கேட்பதில்லை. சரி என்று, ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி flock கட்டளை போட்டுப் பூட்டினேன். மோதல் நின்றது. ஆனால் ஒருநாள் நெட் பாதியில் தொங்கி, ஸ்கிரிப்ட் பூட்டைப் பிடித்தபடியே நின்றுவிட, அதற்குப் பின் வந்த எல்லா ஓட்டமும் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது.

நியூஸ்நேப்போடு வரும் ஸ்கிரீன் ஸ்கிரிப்ட் (ஸ்கிரீன் என்பது பின்னால் ஓடும் டெர்மினல்) எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று முடிந்து மற்றொன்று, கொஞ்சம் தூக்கம், மறுபடி முதலிலிருந்து. ஆனால் கரண்ட் போய் வந்தபோது சர்வர் எழுந்தது, ஸ்கிரீன் எழவில்லை, ஒன்றரை நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

ஒரே டெர்மினலைப் பல கட்டங்களாக (பேன்) பிரிக்கும் டீமக்ஸ் பார்க்க அவ்வளவு அழகு. நியூஸ்நேப்பிலிருந்து கிளைத்த என்இசட்இடிபி, டீமக்ஸ் பேன்களில் வேலைகளைப் பிரித்து ஓட்டும், அந்த முறையை நானும் எடுத்துப் பார்த்தேன். ராம் தாராளமாக இருக்கும் மெஷினுக்கு அதுதான் சரியான வழி என்றே நினைக்கிறேன். என் 8 ஜிபியில் மூன்று பேன் ஒன்றாக ஓடினாலே ஸ்வாப்புக்குப் போய்விடுகிறது.

கடைசியில் நின்றது, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் டைமரில். இரண்டு ஸ்கிரிப்டையும் வரிசையாகக் கூப்பிடும் ஒரு ஷெல் ஃபைல், அதற்கு ஒருமுறை ஓடி முடியும் ஒன்ஷாட் சர்வீஸ், டேட்டாபேஸான மரியாடிபிக்குப் பிறகு தொடங்கு என்று ஒரு வரி, மேலே ஒரு டைமர். சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால் டைமர் இன்னொன்றைக் கிளப்பாது, பூட்டே தேவையில்லை. ஆன்யூனிட்இன்ஆக்டிவ்செக் பத்து நிமிடம் என்றால் முந்தையது முடிந்ததிலிருந்து பத்து நிமிடம், எனக்கு வேண்டியதே அதுதான். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, அந்த வரி மட்டும் இருந்தால் ரீபூட்டுக்குப் பிறகு எதிலிருந்து எண்ணுவது என்று டைமருக்குத் தெரியாது. டைமர்களைப் பட்டியலிடும் லிஸ்ட்டைமர்ஸ் அடித்தால் அடுத்த ஓட்டம் காலியாக இருந்தது, பூட் ஆனதிலிருந்து எண்ணும் ஆன்பூட்செக் 5 நிமிடம் சேர்த்த பிறகுதான் வந்தது. இன்னொன்று, ஒன்ஷாட்டுக்கு நேர வரம்பு தானாக வராது. டைம்அவுட்ஸ்டார்ட்செக் 2 மணி என்று நானே போட்டேன், தொங்கினால் அதுவே கொன்றுவிடும். நேற்று இரவு 1:40க்கு அப்படி ஒன்றைக் கொன்றிருக்கிறது, சிஸ்டம்டியின் பதிவான ஜர்னலில் பார்த்தேன், பத்து நிமிடத்தில் அடுத்தது ஒழுங்காக ஓடியிருந்தது.

பேக்ஃபில் (பழைய பதிவுகளைப் பின்னோக்கி இழுப்பது) மட்டும் இன்னமும் டீமக்ஸில் கையால்தான், டைமரை நிறுத்திவிட்டு. டேபிள் ஆப்டிமைஸ் செய்வதையும் அதே ஷெல் ஃபைலில் வாரம் ஒருமுறை ஓடும்படி இந்த ஞாயிறு சேர்க்கப் போகிறேன்.