இல்லாத பாஸ்பேட்

டிஎன்ஏ துண்டு ஒன்றின் படிகத்தில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, அதன் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது என் வேலை. பதினொரு நாளாக ஆர்-ஃப்ரீ 39 விழுக்காட்டிலேயே நின்றது. அளந்த தரவில் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நாம் கட்டிய அணு மாதிரி அதோடு எவ்வளவு முரண்படுகிறது என்று பார்க்கும் எண் அது. நான் வைத்திருந்த 2.1 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத் தரவுக்கு (ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு; எண் சிறிதானால் விவரம் கூடும்) 25-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். திரையில் பார்த்தால் அழகான இரட்டைச் சுருள். எண்ணைப் பார்த்தால் அத்தனையும் பொய்.

என் துண்டு பத்தெழுத்து, அதாவது டிஎன்ஏவின் காரங்களான ஏ, டி, ஜி, சி-யில் பத்து கோத்த வரிசை. திருப்பி வாசித்தால் தனக்குத் தானே ஜோடியாகும்படி அமைத்த வரிசை என்பதால் ஒரே இழையை வாங்கினால் போதும். 90 டிகிரிக்குச் சூடாக்கி, சூடாக்கும் பெட்டியை அணைத்துவிட்டு, இரவெல்லாம் தானாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டுப் பனிக்கட்டியில் வைத்தால் இழை தன் மேலேயே மடங்கிக் கொண்டைஊசி ஆகிவிடும். (ஒருமுறை செய்திருக்கிறேன். இரண்டு வாரம் போனது.)

படிகம் வளர்ப்பது சமையலும் சோதிடமும் கலந்த வேலை. டிஎன்ஏவின் ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின்சுமை உடையது. துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றைச் சமாதானப்படுத்த மெக்னீசியமும், நான்கு நேர்மின்சுமை கொண்ட ஸ்பெர்மினும் சேர்ப்போம். கண்ணாடித் தகட்டில் தொங்கும் சொட்டு, கீழே கிணற்றில் நீரை இழுக்கும் எம்பிடி என்ற ஆல்கஹாலின் அடர்த்தியான கரைசல். சொட்டிலிருந்து நீர் மெல்ல மெல்லக் கிணற்றுக்குப் போகப் போக, உள்ளே இருப்பவை நெருக்கம் தாளாமல் வரிசையில் நிற்கத் தொடங்கும். வரிசையில் நிற்காமல் வெறும் சகதியாகவும் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் போகும்.

எனக்கு முதலில் கிடைத்த படிகம் பளிங்கு மாதிரி இருந்தது. எக்ஸ்-கதிரில் வைத்தால், சிதறிய கதிர் பதியும் படத்தில் தூரத் தூரமாகச் சில கொழுத்த புள்ளிகள் மட்டுமே. உப்பு! மூன்று மாதம் கழித்து மங்கலான, ஓரம் உடைந்த ஒரு குச்சி வளர்ந்தது. அதைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சுழற்றியபோது புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன. ஒரு குறிப்பிட்ட திசையில், 3.4 ஆங்ஸ்ட்ராம் வட்டத்தருகே, கறுப்பாக அப்பிய புள்ளிகள். டிஎன்ஏவின் ஏணிப்படிகள், அதாவது எழுத்து ஜோடிகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும் இடைவெளி அதுதான். எந்தக் கணக்கும் போடாமலே, சுருள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று அந்தக் கறுப்பு சொல்லிவிட்டது. அன்று தூங்கவில்லை.

1952-இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்த புகழ்பெற்ற படத்திலும் இதே 3.4 மேலும் கீழும் திட்டாகத் தெரியும். ஆனால் அது இழைநாரின் படம். லட்சக்கணக்கான எழுத்துகளின் சராசரி. எந்த எழுத்து எங்கே என்று அதில் கேட்க முடியாது. அதைக் கேட்க, ஒரே வரிசை உடைய குறுந்துண்டுகளின் படிகம் வேண்டும். 1973-இல் ஆர்என்ஏவின் ஈரெழுத்துத் துண்டுகள், 1978-இல் விஸ்வமித்ராவும் ஓல்கா கென்னார்டும் குழுவினரும் தீர்த்த நான்கெழுத்து டிஎன்ஏ, 1979-இல் அலெக்சாண்டர் ரிச்சின் குழுவுக்குக் கிடைத்த ஆறெழுத்து என்று படிப்படியாகத்தான் வந்தார்கள். அந்த ஆறெழுத்து இடப்பக்கமாக முறுக்கியிருந்தது! 1980-இல் டிக்கர்சனின் பன்னிரண்டெழுத்து வந்த பிறகுதான், வலப்பக்கம் முறுக்கிய முழுச் சுற்று ஒன்றைப் படி படியாக எண்ண முடிந்தது.

சரி, என் 39-க்கு வருகிறேன்.

புள்ளிகளின் அடர்த்தியைக் கருவி அளக்கும். அலைகளின் கட்டத்தை, அதாவது எந்த அலை எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்பதை, அளக்க முடியாது. அது தெரியாமல் அணுக்களின் படத்தை வரைய முடியாது. அதனால் தெரிந்த ஒரு சுருளைக் கடன் வாங்கி, படிகத்துக்குள் எங்கே பொருந்துகிறது என்று மென்பொருளைத் தேடச் சொல்வோம். புரதத்துக்கு இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் புரதம் கோணல்மாணலானது. மூக்கு இருக்கும், முதுகு இருக்கும். டிஎன்ஏவுக்கு அப்படி ஏதும் இல்லை. 3.4 ஆங்ஸ்ட்ராம் மேலே தள்ளி 36 டிகிரி திருப்பினால் மறுபடியும் கிட்டத்தட்ட அதே டிஎன்ஏ. என் படிகத்தில் இன்னொரு வில்லங்கம். பத்தெழுத்துத் துண்டுகள் தலையும் காலும் ஒட்டி நின்றன. பத்துப் படி என்றால் சரியாக ஒரு சுற்று. ஆக, முடிவே இல்லாத ஒரு தூண். அதில் என் துண்டு எங்கே தொடங்குகிறது?

எலக்ட்ரான்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தில் எழுத்துகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். 1.5 ஆங்ஸ்ட்ராமில் தைமின் என்ற எழுத்தின் மீத்தைல் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும். 2.1-இல், அதுவும் தவறான கட்டங்களோடு, நாம் வைத்த எழுத்தையே வரைபடம் நமக்குத் திருப்பிக் காட்டும். அதை நம்பித்தான் பதினொரு நாள் போனது.

என் வழிகாட்டி பின்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "பத்தெழுத்து இழையில பாஸ்பேட் எத்தனைம்மா?"

ஒன்பது. செயற்கையாகச் செய்த இழையின் முதல் எழுத்துக்குப் பாஸ்பேட் கிடையாது. எழுத்துகளை இணைக்கும் இடங்களில் மட்டுமே உண்டு. ஆக, முடிவில்லாத் தூணிலும் பத்துப் படிக்கு ஒருமுறை, இரண்டு இழைகளிலும் எதிரெதிரே, ஒரு பாஸ்பேட் இருக்காது. பாஸ்பரஸ்தான் டிஎன்ஏவிலேயே எலக்ட்ரான் அதிகம் உள்ள அணு. அது இல்லாத இடம் தெரிந்தே ஆக வேண்டும்.

அளந்த தரவுக்கும் என் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் வேறுபாட்டு வரைபடத்தைப் போட்டேன். நான் பாஸ்பேட் வைத்திருந்த ஓரிடத்தில், இரு இழைகளிலும், சிவப்புக் குமிழ்: இங்கே ஒன்றுமில்லை. நான் முனை என்று விட்டிருந்த இடத்தில் பச்சைக் குமிழ்: இங்கே ஏதோ இருக்கிறது. இரண்டும் முன்பே அங்கேதான் இருந்திருக்கின்றன. இரைச்சல் என்று நானே ஒதுக்கியிருந்தேன். தூண் நெடுக அளந்தால் இடைவெளி 6.8 ஆங்ஸ்ட்ராம். இரண்டு படி.

துண்டை இரண்டு படி நகர்த்தி, 72 டிகிரி திருப்பி, மறுபடி ஓட்டினேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் 27.

வழிகாட்டி அதோடு விடவில்லை. மாதிரி நமக்குப் பிடித்ததைத்தான் சொல்லும், தனிச்சாட்சி கொண்டு வா என்றார். ஒரு தைமினின் மீத்தைலுக்குப் பதில் புரோமின் வைத்த துண்டை வரவழைத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் படிகம் வித்தியாசம் பார்க்காது. வெளிச்சம் ஆகாது என்பதால் குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தேன். மிக வலிய எக்ஸ்-கதிர் தரும் சின்க்ரோட்ரான் என்ற கருவியில் 0.92 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் புரோமின் தன்னைத் தனியே காட்டிக்கொடுக்கும். ஆனால் அதே கதிர் அதைப் பிய்த்தும் எறியும் என்பதால் முதல் சில நிமிடத் தரவுதான் நம்பத் தகுந்தது.

அந்தத் தரவில் எந்த மாதிரியையும் கடன் வாங்காமல் வரைந்த படத்தில், இழைக்கு ஒன்றாக இரண்டு சிகரங்கள். நகர்த்திய மாதிரியை அதன்மேல் ஏற்றினேன். இரண்டும் அந்தத் தைமினின் மீத்தைல் மேலேயே உட்கார்ந்திருந்தன. பழைய மாதிரியை ஏற்றியபோது அதே சிகரங்கள் இரண்டு படி தள்ளி, வேறொரு எழுத்தின் பக்கவாட்டில், எதையும் தொடாமல் தொங்கின. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். பதினொரு நாள் நான் ரசித்த சுருள் அதில்தான் இருக்கிறது.