உண்டியல் குலுக்கி வாங்கிய வீடு

2019 பிப்ரவரி 2, சனி

புதன்கிழமை சிகாகோவில் மைனஸ் 30 டிகிரி. இன்று குளிர் கொஞ்சம் குறைந்ததும் கிளம்பிவிட்டேன். கிரீன் லைன் ரயிலில் இண்டியானா நிறுத்தத்தில் இறங்கி, பனிக்கட்டியில் வழுக்காமல் நடந்தால் ஐந்து நிமிடம். 3831 தெற்கு மிச்சிகன் அவென்யூ. சவுத் சைட் கம்யூனிட்டி ஆர்ட் சென்டர், கறுப்பினக் கலைஞர்களின் கலை மையம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய பணக்கார வீடு. 1890களில் ஒரு தானிய வியாபாரி கட்டியது. உள்ளே போனதும் கண் சுவருக்குத்தான் போகிறது. தரையிலிருந்து மேல்வரை மரப்பலகை. அதில் ஆணி அடித்த ஓட்டைகள். பத்து, இருபது இல்லை, அம்மை போட்ட முகம் மாதிரி சுவர் முழுக்க. 1940 டிசம்பரிலிருந்து இங்கே மாட்டிய ஒவ்வொரு படமும் விட்டுப்போன தடம். மாட்டிய கறுப்பின ஓவியர்களில் பலருக்கு அன்று இந்த ஊரில் படம் மாட்ட வேறு சுவரே கிடைக்கவில்லை. கலைப்பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள், காட்சிக்கூடங்கள் கதவைத் திறக்கவில்லை.

கதவருகே இருந்த பெரியம்மா என் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டே, "குளிரில் வந்திருக்கிறாயே, பேபி" என்றார். எல்லாரையும் பேபி என்றுதான் கூப்பிடுகிறார்.

பிப்ரவரி 9, சனி

இந்த வீடு எப்படிக் கைக்கு வந்தது என்பதை எழுதியே ஆகவேண்டும்.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்தது. டபிள்யூ.பி.ஏ. என்று பெயர். அதன் கீழ் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கலை மையங்கள். அரசு போட்ட நிபந்தனைதான் முக்கியம்: சம்பளமும் சீரமைப்புச் செலவும் நாங்கள் தருகிறோம், கட்டடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

சரி என்று இந்தப் பகுதிக் கறுப்பின மக்கள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பத்து சென்ட் காசுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மைல் வரவேண்டும் என்பது இலக்கு. மார்கரெட் பரோஸ் அப்போது இருபதுகளில் இருந்த ஓவியர். 39ஆம் தெருவும் சவுத் பார்க்வேயும் சந்திக்கும் முனையில் தகர டப்பாவோடு நின்று, பத்து சென்ட் பத்து சென்டாகவே கிட்டத்தட்ட 100 டாலர் சேர்த்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படியென்றால் ஏறக்குறைய 1,000 முறை ஒரு கை அந்த டப்பாவுக்கு மேல் நீண்டிருக்கிறது.

இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு பத்து சென்ட் காசை வைத்து அளந்தேன். 18 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மைலுக்குக் கிட்டத்தட்ட 90,000 காசு, 9,000 டாலர். போட்டவர்கள் யார்? அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்து, கறுப்பர்களுக்கு வீடு விற்கக்கூடாது என்ற ஒப்பந்தங்களால் ஒரு குறுகிய பட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள். வீட்டுவேலை செய்தவர்கள், இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனவர்கள். அந்த நாளில் பத்து சென்ட் ஏறக்குறைய ஒரு ரொட்டியின் விலை.

பிப்ரவரி 23, சனி

நாற்காலி மடக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். வேலை முடிந்து பெரியம்மாவோடு பேச்சு. கீழ்த்தளத்தில்தான் கார்டன் பார்க்ஸ் புகைப்படம் கழுவும் இருட்டறை வைத்திருந்தார். இங்கே காட்டிய படங்களுக்குப் பிறகு உதவித்தொகை கிடைத்து 1942இல் வாஷிங்டன் போனார். 1941இல் கவிதை வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் க்வெண்டலின் ப்ரூக்ஸ், 1950இல் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் கறுப்பினத்தவர்.

ஆனால் பெரியம்மா சொன்னது அவர்களைப் பற்றி அதிகம் இல்லை. "என் அண்ணன் இங்கே களிமண் பிசைந்தான். அப்புறம் தபால் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டான். அவன் செய்த கிண்ணம் இன்னும் வீட்டில் இருக்கிறது" என்றார். எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 9, சனி

ஒற்றுமை என்று சுலபமாக எழுதிவிடலாம். எல்லாரும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஒரு பக்கம் வசதியான குடும்பத்துப் பெண்கள், 1939இல் சவாய் அரங்கில் பெரிய நடனவிழா நடத்திப் பணம் திரட்டியவர்கள். இன்னொரு பக்கம் கையில் காசில்லாத, இடதுசாரிச் சிந்தனை உள்ள இளம் ஓவியர்கள். மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசினால் ஒத்துவராது. ஒரு கட்டடம் வாங்கவேண்டும் என்றதும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு வரவும் ஏறின. அதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

நியூயார்க்கில் ஹார்லெம் கம்யூனிட்டி ஆர்ட் சென்டர் 1937இல் பிரமாதமாகத் தொடங்கியது, அரசுப் பணம் வற்றியதும் 1942இல் மூடிவிட்டது. 1943இல் டபிள்யூ.பி.ஏ.வே முடிந்தது. சிகாகோவில் சம்பளம் நின்றது, வீடு நின்றுவிடவில்லை. வீடு அவர்களுடையது. யாரும் காலி செய்யச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 3, புதன்

நேற்று மேயர் தேர்தல் இரண்டாம் சுற்று. போட்டியிட்ட இருவருமே கறுப்பினப் பெண்கள், லோரி லைட்ஃபுட் ஜெயித்தார். ரயிலில் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஏப்ரல் 27, சனி

மையத்துக்கு எதிர்ப்பக்கம், 3806ஆம் எண் வீடு. மார்கரெட்டும் கணவர் சார்ல்ஸும் அங்கே குடியிருந்தார்கள். 1961இல் தங்கள் வீட்டுக் கூடத்தையே அருங்காட்சியகமாக்கினார்கள். பள்ளிப் பாடத்தில் இல்லாத கறுப்பின வரலாற்றைப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும் என்று. 1973இல் அது வாஷிங்டன் பூங்காவுக்கு இடம் மாறியது. டுசாபிள் அருங்காட்சியகம் என்று இன்று ஊரே அறிந்தது. தெருவைக் கடந்தால் பக்கம்தான். ஒரு கூட்டு வேலையில் பழகிய கை இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறது.

மே 7, செவ்வாய்

1941இல் இதே தேதியில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலியனோர் ரூஸ்வெல்ட் வந்து மையத்தை முறைப்படி திறந்து வைத்தார். மாலை வேலை முடிந்து 39ஆம் தெரு முனைக்குப் போனேன். சவுத் பார்க்வே இப்போது மார்ட்டின் லூதர் கிங் டிரைவ். நடுவில் மரங்கள், பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேர். டப்பாவோடு ஒரு பெண் நின்றதற்கு எந்த அடையாளமும் கண்ணில் படவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மையத்துக்கு நடந்தேன்.

புதுக் கண்காட்சிக்குச் சனிக்கிழமை படம் மாட்டுகிறார்களாம். "சுத்தியல் இருந்தால் எடுத்து வா, பேபி" என்றார் பெரியம்மா. எங்கள் வீட்டில் இல்லை. நாளைக்கு வாங்கவேண்டும்.