புதிய வாஷ்பேசினில் தண்ணீர் தயங்கி இறங்கினால்

பல ஆண்டுகள் புழங்கிய வாஷ்பேசினில் தண்ணீர் தேங்கினால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தலைமுடியும் சோப்புக் கசடும் பற்பசையும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்தால் போதும். புதிதாகப் பொருத்திய பேசினில் அப்படிப் படிய எதுவும் இல்லை. ஆனாலும் தண்ணீர் தேங்கியதும் பலரும் கடைக்குப் போய் அடைப்பு நீக்கும் தூளையோ ஆசிட்டையோ வாங்கி வந்து ஊற்றுகிறார்கள். புதிய பொருத்துதலில் பெரும்பாலும் குறை அடைப்பில் இல்லை, காற்றில்தான் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டுக் குளியலறையில் கண்கூடாகப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

சுவரில் மாட்டியிருந்த பழைய பேசினை எடுத்துவிட்டு, கிரானைட் பலகையின் மேல் உட்காரும் டேபிள் டாப் பேசினை அண்மையில் பொருத்தினோம். அழுத்தினால் மூடி, மீண்டும் அழுத்தினால் திறக்கும் பாப்-அப் கப்ளிங் (பேசினின் வடிகால் துளையில் பொருத்தும் உலோகத் துண்டு) அதனுடன் வந்தது. குழாயைப் பாதி திறந்தாலே தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்கு ஏறி அப்படியே நின்றது. சற்று நேரம் கழித்துக் குபுக் குபுக்கென்று குமிழ் விட்டபடி திடீரென்று இறங்கியது. பொருத்திய பிளம்பரோ, "புதுசுல கொஞ்ச நாள் அப்படித்தான் சார் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார். குழாய் தானாகச் சரியாவதில்லை. அந்தக் குமிழ்ச் சத்தமே முக்கியமான தடயம்: கசடு அடைத்திருந்தால் தண்ணீர் தொடர்ந்து ஒரே மந்த வேகத்தில் இறங்கும், நின்று நின்று குமிழியோடு இறங்கினால் காற்று வழி தேடுகிறது என்று பொருள்.

பேசினின் அடியில் தொங்கும் பாட்டில் டிராப்பில், சாக்கடை நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுக்க ஏறத்தாழ இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். மேலிருந்து வரும் தண்ணீருக்கும் இந்தத் தண்ணீருக்கும் நடுவே உள்ள குழாய்த் துண்டில் காற்று இருக்கிறது. அது வெளியேறினால்தான் தண்ணீர் உள்ளே நுழைய முடியும். குப்பியின் வாயில் புனலை இடைவெளியின்றி அழுத்தி வைத்து எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் புனலிலேயே நிற்பதும் இதனால்தான். பழைய பாணிப் பேசின்களில் விளிம்புக்குக் கீழே ஓவர்ஃப்ளோ துளை ஒன்று இருக்கும். நிரம்பி வழியாமல் காப்பது அதன் வேலை என்றாலும், காற்று வெளியேறும் வழியும் அதுவே. டேபிள் டாப் பேசின்கள் பலவற்றில் அந்தத் துளை இல்லை. தண்ணீர் இறங்கும் வாய் வழியாகவே காற்றும் ஏற வேண்டியிருக்கிறது. பாப்-அப் மூடி அந்த வாயை மேலும் குறுக்கிவிடுகிறது.

ஆகவே முதல் சோதனை மூடியைக் கழற்றிப் பார்ப்பதுதான். பெரும்பாலான பாப்-அப் மூடிகளைக் கையாலேயே இடப்பக்கம் திருகிக் கழற்றலாம். மூடி இல்லாதபோது தண்ணீர் தாராளமாக இறங்கினால், அதற்குப் பதிலாக எப்போதும் திறந்திருக்கும் துளைத் தட்டு வகைக் கப்ளிங்கைப் போட்டால் சிக்கல் தீர்ந்தது. எங்கள் வீட்டில் மூடியைக் கழற்றியதும் வேகம் கூடியதே தவிர முழுமையாகச் சரியாகவில்லை. அடுத்து, கீழே ஒரு வாளியை வைத்து, பாட்டில் டிராப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தோம். கப்ளிங்கிலிருந்து தண்ணீர் தடையின்றி வாளியில் கொட்டியது. குறை மேலே அல்ல, கீழே என்று இந்த ஒரு சோதனை காட்டிவிட்டது.

கீழே பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. நெளிவு நெளிவான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பைத் தேவைக்கு மேல் நீளமாக விட்டு, தரையில் தண்ணீர் வடியும் ஜாலியின் துளை வழியாக நானி டிராப்புக்குள், அதாவது நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் தரையடிக் கிண்ணத்துக்குள், ஆழமாகச் செருகியிருந்தார்கள். பைப்பின் முனை அங்கே நிற்கும் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. மேலே பாட்டில் டிராப் தண்ணீர், கீழே நானி டிராப் தண்ணீர், நடுவில் சிறைப்பட்ட காற்று. முனை நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி பைப்பை வெட்டி, நடுவில் தொய்வு இல்லாமல் நேராக இறக்கியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. பைப்பை உயர்த்தியதால் நாற்றம் வருமோ என்ற கவலை வேண்டாம். நானி டிராப்பில் நிற்கும் தண்ணீரே அதைத் தடுத்துவிடுகிறது.

ஓவர்ஃப்ளோ துளை உள்ள பேசினிலும் இதே தொல்லை வரலாம். அத்தகைய பேசினுக்குப் பக்கவாட்டில் திறப்புள்ள ஹாஃப் திரெட் கப்ளிங்கைப் போட வேண்டும். முழு நீளமும் மரையுள்ள ஃபுல் திரெட் கப்ளிங்கைப் போட்டாலோ, சரியான கப்ளிங்கையே போட்டுப் பூசும் சிலிக்கோன் பசை அந்தத் திறப்பை மூடிவிட்டாலோ, துளை இருந்தும் பயனில்லை. காற்றும் போகாது, வழியும் தண்ணீரும் போகாது.

உண்மையான அடைப்பும் புதிய வேலையில் உண்டு, ஆனால் அது கட்டட வேலையின் மிச்சம். டைல்ஸ் ஒட்டும்போது குப்பை விழாமலிருக்கக் குழாய் வாயில் திணித்த பிளாஸ்டிக் பையையோ சாக்குத் துண்டையோ எடுக்க மறந்துவிடுவது நடக்கிறது. டைல்ஸ் இடுக்கில் பூசும் கலவையைக் கரைத்த வாளியைப் பேசினிலேயே கழுவி ஊற்றுவதும் நடக்கிறது. பாட்டில் டிராப்பின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் சாம்பல் நிற மண்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதைக் கையால் எடுக்கத்தான் வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த தூள் இறுகிய சிமென்டைக் கரைக்காது. வெந்நீருடன் அது தரும் சூடு பிளாஸ்டிக் இணைப்புகளைத்தான் கெடுக்கும். ஆசிட்டோ, கப்ளிங்கின் குரோமியப் பூச்சை அரித்துவிடும். ஆசிட்டை ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு எழும். காற்றோட்டம் குறைந்த சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இவை எதுவும் இல்லையென்றால் சுவருக்குள் பதித்த குழாயின் சரிவைச் சந்தேகிக்கலாம். அடிக்குக் கால் அங்குலச் சரிவு வேண்டும். சரிவே இல்லாமலோ எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தோ இருந்தால் டைல்ஸை உடைக்காமல் திருத்த முடியாது. வாளிச் சோதனையைச் செய்து முடித்து, பாட்டில் டிராப் இணையும் சுவர்க் குழாயில் நேரடியாக ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது அங்கேயே எதிர்த்து வருகிறதா என்று பார்க்கும் வரை யாரையும் சுவரில் உளி வைக்க அனுமதிக்காதீர்கள்.