கம்பெனி கரைந்தது, கார்டு மாட்டிக்கொண்டது: பிரான்ஸில் ஒரு மெர்ஜர் அனுபவம்

போன வாரம்தான் புது ரெசிடென்ஸ் கார்டு கைக்கு வந்தது. எரிச்சல் ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன். பிரான்ஸில் இன்ஜினியரிங் கன்சல்டன்சியில் வேலை பார்க்கும் நம்மாட்கள், அதுவும் பாஸ்போர் தாலான் (வெளிநாட்டுத் திறமையாளர்களுக்கான ரெசிடென்ஸ் கார்டு) வைத்திருப்பவர்கள், இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு இதே வழியாக வரவேண்டியிருக்கும்.

நான் சேர்ந்தது ஒரு சின்ன கம்பெனி. முதலாளிக்கு எல்லோர் பெயரும் தெரியும். விமானத் துறையில் பெரிய கிளையண்டுகள் சப்ளையர் பட்டியலைச் சுருக்கிக்கொண்டே போக, எங்களுக்கு நேரடி ஆர்டர் நின்றுபோனது. பட்டியலில் இருக்கிற பெரிய கன்சல்டன்சிக்குக் கீழே சப்-கான்ட்ராக்டாகத்தான் வேலை கிடைத்தது. அப்படி இரண்டாம் வரிசையில் நின்றால் மார்ஜின் என்ன மிஞ்சும்? கடைசியில் பாரிஸ் பக்கத்து குரூப் ஒன்று எங்களை வாங்கிவிட்டது.

இந்தத் தொழிலே இப்படித்தான் வளர்ந்தது. ஆள் எடுத்து வளர்வதைவிட, ஆட்களும் கிளையண்டும் ஏற்கெனவே இருக்கிற கம்பெனியை வாங்கிவிடுவது சீக்கிரம் முடிகிற காரியம். 1982-இல் தொடங்கிய அல்த்ரான், சின்னச் சின்ன நிறுவனங்களை வாங்கியே பெரிதானது. 2018-இல் அமெரிக்காவின் ஏரிசென்ட்டை சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இரண்டே வருடத்தில், 2020-இல், அந்த அல்த்ரானையே கேப்ஜெமினி சுமார் 360 கோடி யூரோவுக்கு வாங்கியது. இன்று அதன் பெயர் கேப்ஜெமினி இன்ஜினியரிங். அக்கா டெக்னாலஜீஸ் கதையும் அதேதான். துலூஸ் பக்கத்து ஏரோகோன்செய், 2012-இல் ஜெர்மனியின் எம்பிடெக்கில் பெரும்பங்கு என்று வாங்கிப் போட்ட அந்த நிறுவனமே, 2022-இல் ஆள்சேர்ப்பு நிறுவனமான அடெக்கோவிடம் போய் அக்கோடிஸ் ஆனது. சென்னையில் தின்க்சாஃப்டில் சேர்ந்த பழைய ஆட்களைக் கேளுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே முதலில் எஸ்க்யூஎஸ், அப்புறம் எக்ஸ்ப்ளியோ ஊழியர் ஆனவர்கள் அவர்கள். எஸ்க்யூஎஸ்ஸை 2018-இல் வாங்கியது, அசிஸ்தெம் குழுமத்திலிருந்து பிரிந்த பிரெஞ்சு இன்ஜினியரிங் நிறுவனம். அதுதான் பிறகு எக்ஸ்ப்ளியோ என்று பெயர் மாறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, வாங்குவது வேறு, கரைப்பது வேறு. குரூப் எங்கள் பங்குகளை வாங்கிய அன்று ஒன்றுமே மாறவில்லை. அதே கம்பெனி, அதே சிரேன் எண் (கம்பெனிப் பதிவு எண்), அதே சம்பளச் சீட்டு. வாசலில் புது லோகோ ஒட்டினார்கள், ஷாம்பெய்ன் கொடுத்தார்கள். தலைவலி பிறகுதான். நூறு சதவீதப் பங்கும் கைக்கு வந்தபின், துணை நிறுவனத்தைக் கலைத்து மொத்தச் சொத்தையும் கடனையும் தாய் நிறுவனத்துக்குள் ஒரேயடியாகச் சேர்த்துவிடலாம். இங்கே அதை த்யூப் என்பார்கள். கடன் கொடுத்தவர்கள் ஆட்சேபிக்க 30 நாள், அவ்வளவுதான். அது முடிந்ததும் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கம்பெனி சட்டப்படி உலகத்திலேயே இல்லை.

எங்களுக்கு அது ஜனவரியில் நடந்தது. டிசம்பரில் எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில்: "ஜனவரி முதல் சம்பளச் சீட்டில் பெயர் மாறும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

அடுத்த வாரமே எலெக்ட்ரானிக் கையெழுத்துக்கு ஒரு பி.டி.எஃப். வெள்ளிக்கிழமைக்குள் போட வேண்டுமாம். தலைப்பில் 'வேலை ஒப்பந்தம்'. வேலையில் சேர்ந்த தேதி: ஜனவரி 1. நான் அதற்குப் பல வருடம் முன்னால் சேர்ந்தவன். பழைய ஒப்பந்தத்தில் என் வேலை இடம் எங்கள் மாவட்டத்தோடு நிற்கும். இதில் பிரான்ஸ் முழுவதும், "குரூப்பின் தேவைக்கேற்ப". பக்கத்து சீட்டு ஆள் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஃபார்மாலிட்டிதானே" என்றான்.

நான் போடவில்லை. எங்கள் சிஎஸ்இ-யில் (ஊழியர் பிரதிநிதிகள் குழு) இருந்த ஒரு பெரியவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறவர், காபி மெஷின் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்: "எல் 1224-1. இது ஒன்றை மனப்பாடம் பண்ணிக்கொள், போதும்." வேலைச் சட்டத்தின் அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: விற்பனை, இணைப்பு என்று முதலாளியின் சட்ட நிலை எப்படி மாறினாலும், அந்த நாளில் நடப்பில் இருக்கிற எல்லா ஒப்பந்தங்களும் புது முதலாளியிடம் தாமாகவே தொடரும். புது ஒப்பந்தம் தேவையில்லை. புதிதாக சோதனைக் காலம் வைக்க முடியாது. சேர்ந்த தேதியும் பழையதேதான். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அவ்னான், அதாவது ஒப்பந்தத் திருத்தம், அனுப்பி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் மறுக்கலாம்.

அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மரியாதையாக நான்கு வரி மெயில் போட்டேன். பதில் இல்லை. அதே நான்கு வரியைப் பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினேன். மறுநாளே எச்.ஆர். மதாம் போன் செய்து, "உங்களுக்கு ஏதோ தவறான புரிதல் முஸ்யூ, யாருமே கேட்காததைக் கேட்கிறீர்கள்" என்றார். யாரும் கேட்காமல் இருந்தால் சரியாகிவிடுமா? ஆனாலும் பி.டி.எஃப். திரும்பப் பெறப்பட்டது. அடுத்தடுத்த சம்பளச் சீட்டு ஒன்றில் பழைய சேர்ந்த தேதி திரும்ப வந்தது.

தேதிக்கு ஏன் இவ்வளவு அடம் என்று கேட்டால், எங்கள் துறைக்கான சிந்தெக் கூட்டு ஒப்பந்தப்படி 5 வருடம் முடிந்தால் ஒரு நாள் கூடுதல் விடுப்பு, 10 முடிந்தால் இரண்டு நாள். ஆட்குறைப்பு வந்தால் நஷ்டஈடும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். மெர்ஜர் முடிந்த கம்பெனியில் ஆட்குறைப்பு வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

இனி கார்டு. என் நேரம், மெர்ஜரும் கார்டு புதுப்பிப்பும் ஒரே பருவத்தில் வந்து விழுந்தன. ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ, வீட்டு அத்தாட்சி எல்லாம் வழக்கம்போல. ஒப்பந்தம் பழைய கம்பெனி பெயரில். சம்பளச் சீட்டுகளில் பாதி பழைய பெயர், பாதி புதுப் பெயர். முதலாளி நிரப்பித் தந்த செர்ஃபா என்கிற அரசுப் படிவம் புதுப் பெயரில். பார்க்கிறவருக்கு, நான் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறவன், இல்லை பொய் சொல்கிறவன்.

கூடுதல் ஆவணம் கேட்டு மெசேஜ் வந்தது: "ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனமும் படிவத்தில் உள்ள நிறுவனமும் பொருந்தவில்லை." எச்.ஆரிடம் கடிதம் கேட்டேன். "இவர் எங்கள் ஊழியர் என்று சான்றளிக்கிறோம்" என்று ஒரு வரி கொடுத்தார்கள். அதை ஏற்றினேன். பல வாரம் கழித்து அதே மெசேஜ், எழுத்து மாறாமல்.

பொறுக்காமல், கார்டு கொடுக்கும் மாவட்ட அரசு அலுவலகமான பிரெஃபெக்சூரில் இணைய விண்ணப்பங்களுக்கான உதவி மேசைக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் பழைய ஒப்பந்தத்தில் இருந்த சிரேன் எண்ணைத் தட்டினார். ஒன்பது இலக்கமும் போட்டதும் திரையை என் பக்கம் திருப்பினார். கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் 'பதிவு நீக்கப்பட்டது'.

"உங்கள் கம்பெனி மூடியாயிற்று. உங்களை எப்போது நீக்கினார்கள்?"

"நீக்கவில்லை மதாம், இன்று காலைகூட வேலைக்குப் போனேன்."

"எங்கே?"

புதுக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். "அப்படியென்றால் வேலை மாறியிருக்கிறீர்கள். புது ஒப்பந்தம் வேண்டும்." நான் எல் 1224-1 என்றேன். தனக்குத் தெரியாது, தன் வேலை ஸ்கேன் செய்து கொடுப்பது மட்டும்தான் என்றார். அடுத்த நம்பரை அழைத்துவிட்டார். எச்.ஆர். கொடுத்த அந்தப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இங்கே காரியம் முடிந்திருக்கும் என்று வெளியே வரும்போது தோன்றியது. அது என்ன விலைக்கு என்பதும் தெரியும்.

கை கொடுத்தது லியோனில் இருக்கிற நண்பர். அவருடைய கம்பெனி இரண்டு தடவை கைமாறியிருக்கிறது. போனில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "தம்பி, போடாக்ல தேடிப் பாத்தியா?" என்றார். போடாக் என்பது கம்பெனிப் பதிவு, விற்பனை, கலைப்பு எல்லாவற்றையும் வெளியிடும் அரசு அறிவிப்பிதழ். ஆன்லைனில் இலவசம். பழைய சிரேனைப் போட்டதும் எங்கள் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. இன்ன நிறுவனம் கலைக்கப்படுகிறது, சொத்து முழுவதும் அதன் ஒரே பங்குதாரரான இன்ன நிறுவனத்துக்குப் போகிறது, இன்ன தேதி. பழைய சிரேனும் புது சிரேனும் ஒரே பத்தியில். எச்.ஆரும் அந்த மேசையும் எனக்குக் காட்டாத காகிதம், யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய இடத்தில் கிடந்திருக்கிறது.

அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எச்.ஆருக்குத் தேவையான கடிதத்தை நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். லெட்டர்ஹெட்டில் போட்டுக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னேன். அதில் இருக்க வேண்டியவை: இரண்டு கம்பெனிப் பெயரும் இரண்டு சிரேனும், மாற்றம் நடந்த தேதி, எல் 1224-1-ன்படி ஒப்பந்தம் தொடர்கிறது என்ற வாக்கியம், முதலில் சேர்ந்த தேதி, பதவியும் சம்பளமும் மாறவில்லை என்ற வாக்கியம். நீங்களும் இப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்களாக எழுதினால் அந்த ஒற்றை வரிதான் வரும்.

இன்னொன்று. அந்த ஆவணத்துக்கான இடத்தில் ஒரே ஒரு கோப்புதான் ஏறியது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கினேன். முதலில் கடிதம், அடுத்து போடாக் அறிவிப்பு, அடுத்து தாய் நிறுவனத்தின் புது கா-பிஸ் (கம்பெனிப் பதிவுச் சான்று), பிறகு பழைய ஒப்பந்தம், கடைசியில் டிசம்பர், ஜனவரி சம்பளச் சீட்டுகள் அடுத்தடுத்து. அந்த இரண்டு சீட்டிலும் சேர்ந்த தேதி ஒன்றாக இருந்ததைச் சுற்றி வட்டம் போட்டேன். ஆனால் முதலில் வந்த ஜனவரிச் சீட்டில் தேதி தப்பு, எச்.ஆர். திருத்தித் தந்த சீட்டைத்தான் வைத்தேன். மேலே சொன்ன பதிவுத் தபால் இல்லாவிட்டால் இந்த இடத்தில் மறுபடி இடித்திருக்கும்.

நடுவில் பழைய கார்டு காலாவதியானது. மூன்று மாத நீட்டிப்புக் கடிதம் வந்தது, அதை வைத்து வேலையில் பிரச்சினை இல்லை. ஆனால் அதை நம்பி விமானம் ஏற மனைவிக்குத் தைரியம் வரவில்லை, ஊர்ப் பயணத்தைத் தள்ளிப் போட்டோம். டிக்கெட் பணத்தில் பாதி போனது போனதுதான். பிறகு ஒரு நாள் எஸ்.எம்.எஸ். வந்தது, கார்டு தயார் என்று.

மருத்துவக் காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. குரூப்பின் மியூத்துவெல், அதாவது அரசுக் காப்பீடு போக மீதியைத் தரும் துணைக் காப்பீடு, வேறு. புது அட்டை தபாலில் வந்துவிட்டது, எல்லாம் சரி என்று நினைத்தோம். பையனுக்குப் பல் வைத்தியம் பார்த்த பணத்தில் அரசுப் பங்கு மட்டும் வந்தது, மீதி வரவில்லை. காரணம் நோயெமி, அதாவது அரசுக் காப்பீட்டிலிருந்து மியூத்துவெலுக்குத் தகவல் தானாகப் போகும் இணைப்பு. பழைய மியூத்துவெல் அதைத் துண்டிக்காததால், ரசீதெல்லாம் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. பழைய மியூத்துவெலிடம் நீக்கச் சான்று கேட்டு வாங்குங்கள், அதைப் புதியவர்களுக்கு அனுப்புங்கள். பிறகு அரசுக் காப்பீட்டின் ஆன்லைன் கணக்கான அமெலியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். கார்த் வித்தாலை (அரசுக் காப்பீட்டு அட்டை) மருந்துக் கடையில் ஒரு தடவை அப்டேட் செய்துவிடுங்கள். கிளையண்ட் சைட் பேட்ஜ் மட்டும் அரை மணியில் மாறியது. அங்கே பணம் வருகிறதல்லவா.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. தனி ஒப்பந்தத்தைச் சட்டம் காப்பாற்றுகிறது, ஆனால் பழைய கம்பெனி அளவில் போட்ட கூட்டு ஒப்பந்தங்கள், எங்கள் விஷயத்தில் ஆர்டிடி நாட்களும் (கூடுதல் வேலை நேரத்துக்கு ஈடான விடுப்பு) வீட்டிலிருந்து வேலையும், அப்படி நிரந்தரமாகத் தொடர்வதில்லை. மாற்று ஒப்பந்தம் போடாவிட்டால் அதிகபட்சம் 15 மாதம் ஓடும்: 3 மாத நோட்டீஸ், அதன்மேல் 12 மாதம். குரூப்பில் ஆர்டிடி எங்களைவிடக் குறைவு. யூனியன்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கின்றன, அடுத்த கூட்டம் செப்டம்பரில். உங்கள் கம்பெனியும் கரையப் போகிறதென்றால், பழைய இன்ட்ராநெட்டை மூடுவதற்கு முன் அந்த ஒப்பந்தங்களை டவுன்லோட் செய்து உங்கள் சொந்த டிரைவில் போட்டுவிடுங்கள். எங்களுடையதை ஜனவரி முதல் வாரமே மூடிவிட்டார்கள். சிஎஸ்இ பெரியவர் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் வைத்திருந்ததால் பிழைத்தோம்.