வீட்டில் அக்கூஸ்டிக் ப்ளூஸ் பதிவு: குரலையும் கிட்டாரையும் பிரிக்காமல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸைத் தேடி, 1941 ஆகஸ்டில் நாட்டுப்புற இசை ஆய்வாளர்களான ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் மிஸிசிப்பியிலுள்ள ஸ்டோவல் தோட்டத்துக்குச் சென்று, அங்கே வேலை செய்துகொண்டிருந்த பாடகர் மடி வாட்டர்ஸை அவருடைய வீட்டிலேயே பாடவைத்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்தார்கள். பாடப் பாட இசைத்தட்டில் நேரடியாக வெட்டிக்கொண்டே போகும் கருவி அது. பின்னர் குரலை ஏற்றுவது, கிட்டாரை இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும், கட்டைவிரல் அடிக்கும் கீழ்ஸ்தாயித் தந்தியின் ஒலியும் குரலும் அதில் ஒட்டியே வருகின்றன. வீட்டில் ப்ளூஸ் பதிவு செய்பவர் குறிவைக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. கிட்டாரையும் குரலையும் தனித்தனியே பதிவு செய்தால் ஒலி சுத்தமாக இருக்கும். ஆனால், பாடுபவர் ஒரு வரியை இழுக்கும்போது கையும் சற்றே தயங்கிக் காத்திருக்கிறதே, அந்தத் தயக்கம் போய்விடும்.

ஆகவே ஒரே மைக் போதும் என்கிறேன். ஆனால், மைக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அறையைக் கவனிக்க வேண்டும். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் கூடத்தில் ஒருமுறை கைதட்டினால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பி 'ட்ர்ர்ர்' என்று இழுப்பது கேட்கும். துணிமணியும் மெத்தையும் நிறைந்த படுக்கையறை இதைவிட மேல். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக், பாடுபவருக்குப் பின்னாலுள்ள சுவரையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் கனமான பஞ்சு மெத்தை ஒன்றை அந்தச் சுவரில் நிமிர்த்தி வைப்பதில்தான் பலன் அதிகம். கடையில் விற்கும் மெல்லிய ஃபோம் அட்டைகள் கூர்மையான ஒலியை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழ்ஒலியை அப்படியே விட்டுவிடும். மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். அதே 1941-இல் மிஸிசிப்பியின் லேக் கார்மொரன்டில் ஒரு கடையில் ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் பாடியபோது அவ்வழியே சென்ற ரயிலின் ஓசையும் பதிவாகி, இன்று அது பாட்டின் அழகாகவே ரசிக்கப்படுகிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு அந்த மரியாதை கிடைக்குமென்று எதிர்பார்க்க முடியாது.

மைக்கை கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரே நெருக்கி வைப்பது பலருக்கும் வழக்கம். கிட்டாரின் உடலுக்குள் உள்ள காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிர்வதாலும், கார்டியாய்டு மைக் அருகிலிருக்கும் ஒலியின் கீழ்ப்பகுதியை இயல்பாகவே பெருக்குவதாலும், அங்கே வைத்தால் 'பூம்' என்ற வீக்கம்தான் கிடைக்கும். கிட்டார் மட்டுமானால், 12-ஆம் ஃபிரெட்டை (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவதை) நோக்கி 25 சென்டிமீட்டர் தள்ளி வைக்கலாம். பாட்டும் சேரும்போது மைக்கை மார்பு உயரத்தில் 50 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு வரி பாடிப் பதிந்து கேட்க வேண்டும். குரல் அடங்கியிருந்தால் மைக்கை நான்கு விரற்கடை உயர்த்துவதும், கிட்டார் அடங்கியிருந்தால் தாழ்த்துவதுமே இங்கே மிக்ஸிங், அதாவது ஒலிகளின் அளவைச் சமன்செய்வது. உலோக உடல் கொண்ட, உள்ளிருக்கும் உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் ரெசொனேட்டர் கிட்டார் காதைக் குத்தும். அதற்கு இன்னும் சற்று விலகி, நேராக அல்லாமல் பக்கவாட்டில் அமர வேண்டும்.

தந்தி புத்தம் புதிதாக இருந்தால் கணீரென்ற ஒலி குரலை மறைக்கும் என்பதால், சில நாள் வாசித்துப் பழகிய தந்தியே எனக்குப் பிடிக்கும். கால்தாளத்தையும் மறக்கக் கூடாது: 1948-இல் டெட்ராய்ட்டில் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் செய்த பதிவில் காலே தாளவாத்தியம். டைல்ஸ் தரை மொத்தென்று ஒலிப்பதால், காலடியில் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அந்த அதிர்வு ஏறாதபடி மைக் ஸ்டாண்டின் கீழே மடித்த போர்வையை வைக்கலாம்.

கணினியில் 24 பிட் டிஜிட்டல் பதிவில், உரத்த இடம்கூட ஒலியளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல்லைத் (உச்ச வரம்பான பூஜ்ஜியத்துக்கு 12 டெசிபெல் கீழே) தாண்டாதபடி அளவை வைத்தால், திடீரென்று விழும் அடி உடைந்து கேட்காது. பழமை தெரிய வேண்டுமென்று கீறல் ஓசையைச் சேர்ப்பவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. 1936-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோ ஓட்டல் அறையில் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் பாடியபோது அந்தக் கரகரப்பு அங்கே இல்லை, நிமிடத்துக்கு 78 முறை சுழலும், தேய்ந்த பழைய இசைத்தட்டுகளிலிருந்துதான் அது நம் காதுக்கு வந்தது.